சொட்டுகிற கப்பல்

சேலையூர் பக்கம் ஒரு வீட்டில் கிணற்று மோட்டாரைக் கழற்றப் போயிருந்தேன். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதற்காக பில்டரிடம் கொடுத்துவிட்டார்கள். இடிப்பதற்கு முன்னால் கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சன்னல் கம்பிகள் ஒருவருக்கு, தேக்குக் கதவு ஒருவருக்கு, மோட்டார் எங்கள் கடை முதலாளிக்கு. கழற்றுகிற வேலை எனக்கு எப்போதும் அலுப்பு. மாட்டுகிற வேலையில் கடைசியில் தண்ணீர் வரும், யாராவது ஒருவர் முகம் மலரும். கழற்றினால் துரு வரும், கை நாறும். ஆனால் தாம்பரத்தைச் சுற்றி இப்போது பழைய வீடுகள் விழுகிற காலம். மாட்டுவதைவிடக் கழற்றுவதுதான் அதிகம் வந்தது.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். போர்வெல் லாரியில் ஏறி ஆந்திரா, ஒடிசா என்று சுற்றினேன். ஒரு சர்க்கரை ஆலையின் பம்ப் ஹவுசில் சில காலம், வளைகுடாவில் மணலுக்கு நடுவே ஒரு குடிநீர் நிலையத்தில் சில காலம். எங்கேயும் வேர் பிடிக்கவில்லை. தெற்கே எங்கிருந்து ரயில் ஏறினாலும் தாம்பரத்தில் நிற்கும் என்பதால் கடைசியில் தாம்பரத்தில் இறங்கினேன். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் பிட்டர் வேலை, அதன் பின்னறையில், வார்னிஷ் வாசனைக்கு நடுவில் படுக்கை. லாரியில் இருந்தபோது குழாய் விழுந்த முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் ஞாபகப்படுத்தும். மற்றபடி குறையில்லை.

மோட்டாரைக் கழற்றி வாசலுக்கு இழுத்து வந்தபோது அந்த வீட்டு சார் வாசற்படியில் நின்றார். ரிட்டையர் ஆனவர், மெலிந்த ஆள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார்.

"பிட்டர், ஒரு நிமிஷம் உள்ள வர்றீங்களா? இதுவும் மோட்டார் வேலைதான்."

உள்ளே சாப்பாட்டு மேஜை முழுக்க ஒரு போர்க்கப்பல் படுத்திருந்தது. சாம்பல் நிறம். கையகல பீரங்கி மேடைகள், நூல் மாதிரிக் கம்பி வேலி, கொடிக்கம்பம். பெட்டியில் துண்டு துண்டாக வந்ததை அவரே உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார். இரண்டு கையையும் விரித்தால் அதற்குள் அடங்கும் நீளம்.

"நாங்க இந்த டேபிள்ல சாப்பிட்டு வருஷமாச்சு தம்பி," என்றார் அவர் மனைவி, அடுக்களை வாசலில் நின்றுகொண்டு. பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்தவர். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. "தட்டை மடியில வெச்சுக்கிட்டு நாங்க சாப்பிடறோம். மேஜை மேல கடற்படை."

சார் அதைக் காதில் வாங்கவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். ஒட்டிய டேப் மஞ்சளாகிப் போயிருந்தது. உள்ளே சின்ன மோட்டார் இரண்டு, மோட்டாரிலிருந்து விசிறிக்குப் போகிற கம்பி சாஃப்ட் இரண்டு, அவை நுழைகிற பித்தளைக் குழாய்கள், பித்தளை விசிறிகள், சுக்கான்கள், ரிமோட், பேட்டரி. கப்பல் ஓடுவதற்கு வேண்டியது முழுவதும் இருந்தது. வாங்கி வைத்துப் பிரிக்கவே இல்லை.

"ஏன் சார் மாட்டல?"

"அடியில ஓட்டை போடணும். தண்ணில விடப்போற பொருள்ல நானே எப்படி ஓட்டை போடறது? டிரில்லை எடுப்பேன், திரும்ப வெச்சிடுவேன்."

விஷயத்தை டீச்சர் விளக்கினார். கேளம்பாக்கம் பக்கத்தில் வாடகைக்கு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறார்கள். புதுக் கட்டடம் எழும்பும் வரை அங்கேதான். இரண்டே அறை.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். ஓடற கப்பல்னா வரட்டும். ஓடாத கப்பலுக்கு அங்க இடம் கிடையாது. பழைய பேப்பர்காரர் கிட்ட போட்டுடலாம்."

"வீடு மாத்தறதுக்குள்ள ஓடணும்," என்றார் சார் என்னைப் பார்த்து. குரலை இறக்கிக்கொண்டார். "ஹார்பர்கிட்ட ஒரு ஏஜென்சி ஆபீஸ்ல இருந்தேன். ஒரு கப்பல் கிளம்பணும்னா அதுக்கு வேண்டிய பேப்பரெல்லாம் நான்தான் டைப் அடிக்கணும். கிளம்பறதை ஜன்னல் வழியா பார்ப்பேன். ஒண்ணையாவது நானே கிளப்பிப் பார்க்கணும்னு வாங்கினது இது."

சரி என்றேன். ஓட்டை போடுவது எனக்குப் பெரிய காரியம் இல்லை. வாழ்க்கை முழுக்கப் பூமியில் ஓட்டை போட்டவன்.

சாயங்காலம் கடை மூடியதும் அங்கே போவேன். மேஜை மேல் பழைய போர்வையை விரித்து, கப்பலைக் குப்புறப் போட்டுக்கொள்வோம். முதலில் ஒப்புக்காக ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விசிறிகளை வெட்டி எடுத்தேன். டிரில் பிட் கப்பலின் வயிற்றைத் தொட்டபோது சார் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். ஓட்டை விழுந்த பிறகுதான் வந்தார். விரலை வைத்து ஓட்டையைத் தடவிப் பார்த்தார்.

சாஃப்ட் வேலையில் கஷ்டம் ஒன்றுதான். மோட்டாரின் அச்சும் சாஃப்டின் அச்சும் ஒரே கோட்டில் உட்கார வேண்டும். துளி விலகினாலும் கரகரவென்று கத்தும், இணைப்பைத் தின்றுவிடும். பெரிய பம்பில் தகடு கொடுத்துச் சரி செய்வோம். இங்கே தீப்பெட்டி அட்டையைக் கிழித்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் விலகும். முழங்காலை மடக்க முடியாமல் காலை நீட்டி, நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சார் டார்ச் பிடிப்பார். டீச்சர் போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை போடுவார்.

"என்ன, யுத்தம் எந்த அளவுல இருக்கு?"

"சாஃப்ட் செட் ஆகல டீச்சர்."

"எதிரி சரணடையற மாதிரி தெரியலையா?"

ஒருவழியாக இரண்டும் ஒரு கோட்டில் உட்கார்ந்தன. மோட்டார்களைத் தாழ்வாக வைத்ததால் பித்தளைக் குழாய்களின் உள்முனையும் தாழ்ந்து, தண்ணீர் மட்டத்துக்குக் கீழேயே நின்றது. அடுத்து, குழாயில் தண்ணீர் ஏறாமல் தடுக்க வேண்டும். பெட்டியில் இருந்த ஆங்கிலக் காகிதத்தைச் சார் படித்தார்.

"குழாய் முழுக்க கிரீஸ் அடைக்கணும்னு போட்டிருக்கு பிட்டர்."

"கிரீஸ் பொம்மைக்கு சார். நாம ஓட்டப் போறோம். கிளாண்ட் போட்டுடலாம்."

கிளாண்ட் எங்கள் தொழிலில் பால பாடம். பம்புக்குள் சாஃப்ட் நுழைகிற இடத்தில் எண்ணெயில் ஊறிய கயிற்றைச் சுற்றி, அதன்மேல் ஒரு மூடியை வைத்து இறுக்குவோம். ஒரேயடியாக இறுக்கக் கூடாது. இறுக்கினால் கயிறு காய்ந்து, சூடேறி, கருகி, சாஃப்டை அரித்துவிடும். கொஞ்சம் தளர்த்தி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற மாதிரி விட வேண்டும். அந்தச் சொட்டுதான் அதைக் குளிர வைக்கிறது. சொட்டாத கிளாண்ட் செத்த கிளாண்ட் என்று சர்க்கரை ஆலையில் சொல்வார்கள். டியூட்டி மாறும்போது இன்னொருவனிடம் நாங்கள் கேட்கிற முதல் கேள்வியே, சொட்டுதா என்பதுதான்.

சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிளாண்ட் மூடி வேண்டும். பம்மலில் லேத் வைத்திருக்கிற கூட்டாளியிடம் போனேன். நானும் அவனும் ஒரே லாரியில் வேலை பார்த்தவர்கள். அவன் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டான், நான் உட்காரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் காட்டிய அளவைப் பார்த்து மெஷினை நிறுத்தினான்.

"இன்னா மச்சான், எறும்புக்கு பம்ப்செட் போடுறியா?"

"கப்பலுக்கு."

"எந்தக் கப்பலு?"

"சேலையூர்ல ஒரு சார் வூட்டு டேபிள் மேல கீது."

"வெயில்ல சுத்தாத சுத்தாதன்னு அப்பவே சொன்னேன். கேட்டியா நீ?" என்றவன் பித்தளைத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்தான். கடைந்துகொண்டே கேட்டான்: "சொட்டணும் இல்ல?"

"சொட்டாம பின்ன?"

"அப்ப துளி லூசு வுட்டே கடையிறேன். கருகிச்சுன்னா அப்பறம் என்னை வந்து பேஜார் பண்ணுவ."

இரண்டு மூடி. நகை மாதிரி இருந்தன. எனக்கே பெருமையாக இருந்தது. நூல் மாதிரி கிராஃபைட் கயிற்றைச் சுற்றி, மூடியை வைத்து, விரல் நுனியால் இறுக்கினேன். பிறகு சுக்கான்களை மாட்டி, அவற்றைத் திருப்புகிற சின்ன மோட்டாரோடு கம்பி கொடுத்தேன். சார் ரிமோட்டில் கட்டைவிரலை அசைத்தார். இரண்டு சுக்கானும் ஒன்றாகத் தலையை ஆட்டின. அவர் திரும்பத் திரும்ப அசைத்துக்கொண்டிருந்தார். சாம்பார் ஆறிப்போகிறது என்று டீச்சர் கூப்பிட்டும் நிறுத்தவில்லை.

பக்கத்து மனையில் ஏற்கெனவே கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. சுவருக்கு ஊற்றத் தண்ணீர் தேக்குகிற செங்கல் தொட்டி ஒன்று அங்கே இருந்தது. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அதில் கப்பலை இறக்கினோம். மிதந்தது. சார் முன்னால் போகச் சொன்னார், கப்பல் பின்னால் வந்து தொட்டியின் விளிம்பில் முட்டியது. சித்தாள் பெண்கள் சிரித்தார்கள். மோட்டார் வயர்களை மாற்றிக் கொடுத்தேன், முன்னால் போய் முட்டியது. ஓடுவதற்கு அங்கே இடமில்லை. மேல்தளத்தைத் திறந்து உள்ளே பார்த்தோம். கிளாண்டின் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது.

"உள்ள சொட்டுதே பிட்டர்."

"சொட்டணும் சார். சொட்டலைன்னாதான் பயப்படணும்."

நான் சொன்ன தோரணையில் அவர் நம்பிவிட்டார். என்னை நானும்தான் நம்பினேன்.

வீடு மாற்றுவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஏரிக்குப் போனோம். கரையைச் சுற்றி நடைபாதை போட்டிருக்கிற ஏரி அது. ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கும், நடுவில் மட்டும் தண்ணீர் தெரியும். ஆட்டோவில் சாரும் கப்பலும். பின்னால் இன்னொரு ஆட்டோவில் டீச்சர், குடையும் காப்பி ஃபிளாஸ்க்குமாக. தீர்ப்புச் சொல்ல வருகிறவர் மாதிரி படித்துறைக் கல்லைத் தட்டி உட்கார்ந்தார். தாமரை விலகியிருந்த ஒரு இடம் பார்த்து நான் கப்பலை இறக்கினேன்.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் நின்றார். "சார், ட்ரோனா?"

"ட்ரோன் மேல போகும். இது கப்பல்," என்றார் சார்.

கட்டைவிரலை மெல்லத் தள்ளினார். விசிறிகளுக்குப் பின்னால் தண்ணீர் கொதித்தது. கப்பல் நகர்ந்தது. கரையை விட்டுத் தாமரைச் சந்து வழியாக வெளியேறி, நடுத் தண்ணீருக்குப் போய், மூக்கின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு ஓடியது. நான் எத்தனையோ மோட்டார் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சத்தத்தைக் கேட்பேன், சரியாக இருந்தால் திரும்பிக்கொள்வேன். அன்றைக்குத் திரும்பவில்லை. சார் வாயைத் திறந்தபடி நின்றார். அவருடைய ஜன்னலை விட்டு அவர் வெளியே வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பெரிய வட்டம் போட்டு எங்களுக்கு எதிரே வந்தபோது, வாக்கிங் வந்தவர் கை தட்டினார்.

இரண்டாவது வட்டத்தில் வேகம் குறைந்தது. பேட்டரி என்று நினைத்தேன். பிறகு பின்பக்கக் கொடியைப் பார்த்தேன். முதல் சுற்றில் அது தண்ணீருக்கு மேலே நன்றாக நின்றது. இப்போது தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பம்பில் சொட்டுகிற தண்ணீர் தரையில் விழும். தரையில் விழுந்ததைப் பற்றி நாங்கள் யாரும் யோசித்ததில்லை, அது பாட்டுக்குச் சாக்கடையில் போய்விடும். கப்பலுக்குத் தரை எங்கே இருக்கிறது? சொட்டியதெல்லாம் உள்ளேயே சொட்டியிருக்கிறது. ஓட ஓட, பின்பக்கம் தாழத் தாழ, சொட்டு ஒழுக்காகியிருக்கிறது. இத்தனை வருடத் தொழிலை அந்தச் சுண்டுவிரல் மூடிக்குள் திணித்திருந்தேன்.

"சார், கரைக்குத் திருப்புங்க."

"இன்னும் ஒரு ரவுண்டு, பிட்டர்."

"திருப்புங்க சார்."

திருப்பினார். பாதி வழியில் மோட்டார் சத்தம் நின்றது. கப்பல் மூக்கைத் தூக்கிக்கொண்டு தாமரைக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றது. சார் கட்டைவிரலை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதும்பாங்க சார்," என்றார் வாக்கிங் வந்தவர்.

"அந்தப் பழமொழிக்குக் கப்பல் கவிழணும்," என்றார் டீச்சர். "அது இன்னும் கவிழல."

நான் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். அந்த ஏரியில் என்னென்ன கலக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். முதல் அடியிலேயே சேறு முழங்காலைப் பிடித்தது. தாமரைத் தண்டுகள் காலைச் சுற்றின. இடுப்பு வரைக்கும், பிறகு மார்பு வரைக்கும் கறுப்புத் தண்ணீர். இதைவிட மோசமான தண்ணீரில் நின்றிருக்கிறேன், அதற்குக் கூலி உண்டு, இதற்கு நான்தான் காரணம். அதை நினைக்கவும் அலுப்பாக இருந்தது. கப்பலின் மூக்கைப் பிடித்தபோது அது சினை மாடு மாதிரி கனத்தது. தள்ளிக்கொண்டே வந்தேன்.

கரையில் தூக்கிச் சாய்த்ததும் பின்பக்கத்திலிருந்து குடம் கவிழ்ந்த மாதிரி தண்ணீர் கொட்டியது. சார் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளாண்டைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

"கிரீஸ்னு போட்டிருந்தது, பிட்டர்."

"போட்டிருந்தது சார்."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "நாளைக்கு வண்டி வரதுக்கு முன்னாடி அந்தப் பேப்பர்காரரை வரச் சொல்லிடு."

டீச்சர் ஃபிளாஸ்க் மூடியில் காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றி முடித்துத்தான் பேசினார்.

"எதுக்கு?"

"நீதானே சொன்ன."

"நான் என்ன சொன்னேன்? ஓடினா வரட்டும்னு சொன்னேன். ஓடுச்சு. இவரும் பார்த்தாரு, கைகூடத் தட்டினாரு." வாக்கிங் வந்தவர் அவசரமாகத் தலையாட்டினார். "முழுகக் கூடாதுன்னு நான் எங்கேயாவது சொன்னேனா?"

சார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டைனிங் டேபிள் மேல மட்டும் வைக்கக் கூடாது. அது புது நிபந்தனை," என்று காப்பியை அவர் கையில் கொடுத்தார். எனக்கு மிச்சக் காப்பியை ஃபிளாஸ்க்கோடு நீட்டினார். என் கை இருந்த நிலையில் மூடியில் கொடுக்க அவருக்கு மனமில்லை. அது நியாயம்தான்.

மறுநாள் காலையில் சாமான் ஏற்ற நானும் போனேன். மோட்டார் போன கிணற்றை ஏற்கெனவே பலகை போட்டு மூடியிருந்தார்கள். சின்ன லாரியின் முன்னால், டிரைவர் பக்கத்தில் சார், மடியில் கப்பல். டீச்சர் ஆட்டோவில். பின்னால் சாமான்களுக்கு நடுவே நான், பீரோ சாயாமல் முதுகு கொடுத்துக்கொண்டு. வண்டலூரில் திரும்பி கேளம்பாக்கம் ரோட்டில் போகிற வழியெல்லாம் பீரோவின் கதவு திறந்து திறந்து என் தோளில் இடித்தது. சிக்னலில் நின்றபோது சார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். இறங்கிப் போய்ப் பார்த்தேன், அவர் வேட்டி தொடைப் பக்கம் நனைந்திருந்தது. கப்பலின் அடி மூலைகளில் தண்ணீர் தங்கியிருக்கும், நேற்று அதை வடிக்க நான் மறந்துவிட்டேன்.

"இன்னும் சொட்டுது, பிட்டர்."

"போய் சேர்ந்ததும் கிரீஸ் வெச்சுடறேன் சார்."

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. லிஃப்டில் சாமான் ஏற்றக் கூடாது என்று போர்டும் இருந்தது. சார் யாரிடமும் கொடுக்காமல் கப்பலைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திப் படி ஏறினார். டீச்சர் முன்னால் சாவியோடு போனார். கீழே வாட்ச்மேன் படிக்கட்டைப் பார்த்துவிட்டு மேலே எட்டிப் பார்த்துக் கத்தினார்:

"யாரு சார் படி பூரா தண்ணி ஊத்திகினு போறது? இப்பதான் தொடைச்சாங்க."

மேலேயிருந்து சாரின் குரல் வந்தது. "கப்பல்."

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நான் லாரிப் பக்கம் திரும்பினேன். பீரோ இன்னும் லாரியிலேயே இருந்தது.